என் பாட்டனாரும் கொழுஞ்சிப் பயிரும்

ஒரு நிலத்தின் வரலாறு முழுவதும் பட்டாவிலும் அடங்கலிலும் அடங்கிவிடுவதில்லை. எந்த மூலையில் பயிர் சாயும், எந்த வரப்பில் நீர் கசியும், எவ்வுரத்திற்கு மண் இணங்கும் என்பனவெல்லாம் அதை உழுதவர் மனத்திலேயே இருக்கின்றன. அவர் காலமானால் அவையும் உடன் மறைகின்றன. இவ்வுண்மையை நான் என் பாட்டனாரை இழந்த பின்னரே உணர்ந்தேன். எனக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருத்தற்பொருட்டு அவரைப் பற்றிச் சில விஷயங்களை ஈண்டு எழுதத் துணிகிறேன்.

சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள சிவகிரி எங்கள் ஊர். முன்னாளில் பாளையமாயிருந்து பின்னர் ஜமீனாகிய ஊர் அது. என் பாட்டனார் வாலிபராயிருந்தபோது ஜமீனுக்கே தீர்வை செலுத்தி வந்தார். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பயனாக அந்நிலம் பின்னர் அவர் பெயருக்கே ரயத்துவாரிப் பட்டாவாயிற்று. அப்பட்டாவை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வேட்டி முனையில் முடிந்திருப்பார். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் செல்லும்போதும் அச்சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

அவருக்குக் கையெழுத்திட மாத்திரமே தெரியும். ஆயினும் அவரைப் பழமையில் பிடிவாதமுள்ளவர் என்று சொல்லுதல் தகாது. பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல் எங்கள் பக்கம் வந்தபோது, முதலில் ஒரு சிறு வயலில் அதைப் பயிரிட்டுப் பார்த்து, மறுவருஷமே அதிக நிலத்திற்குப் பரப்பினார். இரசாயன உரத்தையும் அளவோடு இட்டார். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விட்டதில்லை. குளத்துப் பாசனத்தில் பிசானம் ஒரு போகமே விளையும் அந்நிலத்தில், நெல் அறுத்தபின் கொழுஞ்சியை வளரவிட்டு, மறு பிசானத்திற்கு முன் மடக்கி உழுவார்.

இதன் குணங்கள் குடியானவர் அறியத்தக்கவை. கொழுஞ்சி கோடை வறட்சியைத் தாங்கும். ஆடுமாடுகள் அதை விரும்பி மேய்வதில்லை. விதை முற்றி உதிர்ந்தால் அடுத்த கோடையில் தானே முளைக்கும். இலேசான மண்ணுக்கும் ஒருபோக நஞ்சைக்கும் மிக ஏற்றது. அதன் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. பயறு வகைச் செடிகளுக்குள்ள இச்சக்தியை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் 1888-இல் விரிவாக நிரூபித்தனர். என் பாட்டனார் அவர்கள் பெயரைக் கேட்டதில்லை. பலனை மாத்திரம் கண்டிருந்தார்.

நான் விவசாய டிப்ளமா பெற்று ஊர் திரும்பிய காலத்தில் அவருக்கு வயது எண்பது. வயல் களை மண்டிக் கிடப்பதாக எண்ணி, கொழுஞ்சி பூக்குமுன் கோடை உழவு செய்வித்து நிலத்தைச் சுத்தமாக்கினேன். தழையுரத்திற்கு ஈடாக மூட்டை உரம் போதும் என்றும் அவரிடம் வாதித்தேன். அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. "வயலைத் துடைத்து வைத்துவிட்டாயே, ஐயா, அது பசியோடல்லவா கிடக்கும்!" என்று மட்டும் சொல்லி, வரப்பிலிருந்து இறங்கிப் போனார். மூன்றாம் வருஷத்தில் மழை பெய்து காய்ந்தால் மேல்மண் ஓடுபோல் இறுகிற்று. களத்தில் நெல்லும் குறைந்தது. அவ்வருஷமே அவர் காலமானார். பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

மறு கோடையில் கொழுஞ்சி விதை வாங்கி விதைத்தேன். பத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. அப்போது எங்கள் வயலில் நெடுநாள் நடவு வேலை செய்த மூதாட்டி ஒருவர், "பெரியவர் உரலில் மணலோடு போட்டு இலேசாக இடிக்கச் சொல்வாரே, ஐயா!" என்றார். அவ்விதையின் மேல்தோல் மெழுகுப்பற்றுள்ளது. நீர் எளிதில் உட்புகாது. ஆகையால் மணலோடு தேய்த்தோ, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் இட்டெடுத்தோ விதைக்கவேண்டும். இதை நான் பாடப் புஸ்தகத்தில் படித்தே இருந்தேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன். அந்த அம்மாள் மறக்கவில்லை. அவர் சொற்படி மணலோடு இடித்து, ஏக்கருக்கு ஏழு கிலோ வீதம் விதைத்தோம். இரண்டு வருஷம் விதை உதிரவிட்ட பின் கொழுஞ்சி பழையபடி நிலைபெற்றது; மண்ணும் நெகிழ்ந்தது.

அன்று முதல் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும், யோசனை சொல்லுமுன் அந்நிலத்தை அதிக காலம் உழுதவர் யார் என்று விசாரித்து, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன். நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெரியோரிடமும், தங்கள் நிலத்தில் பாடுபட்ட கூலியாட்களிடமும் இவ்வாறே கேட்டு, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் வயல்வாரியாக எழுதிவைத்தல் நலம். கிராம அதிகாரிகளும் அடங்கலுக்காக வயல் பார்வையிடச் செல்லுகையில், பயிரோடு முன் நடந்த பசுந்தாள் உரத்தையும் விசாரித்தறிதல் நன்று. இதற்குச் செலவொன்றுமில்லை. ஆனால் கேட்கவேண்டியவர் இருக்கும்போதே கேட்கவேண்டும்.