ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸும் காசிமேட்டு விடியலும்



காமிராவைக் கையாளும் இளைஞர் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. படம் நன்றாக அமையவில்லையெனின் குற்றம் காமிராவினுடையது. விலை மிகுந்த காமிரா ஒன்று வாய்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. வானகரத்தில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவரும் இவ்வெண்ணத்துடன்தான் என்னிடம் வந்தார். அவருடைய தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவர். மகனுடைய ஆர்வத்தைக் கண்டு, ஒருவர் பயன்படுத்திய கானன் காமிராவை வாங்கித் தந்திருந்தார். அதைக்கொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் எடுத்த படங்கள் யாவும் கலங்கிக் கிடந்தன. அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்கிப் புதுக் காமிரா வாங்குவதென்று தந்தையும் மகனும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தனர்.

அப்படங்களைப் பார்த்தேன். ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/20 விநாடி. மீன்கூடையைத் தலையில் ஏந்தி நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தாலும் அந்நேரத்துக்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். படம் கலங்காமல் வேறென்ன செய்யும்? ஷட்டரை விரைவாக மூடலாமே என்றால் வெளிச்சம் போதாது. வெளிச்சம் ஏன் போதவில்லை? காமிராவுடன் வந்த 18 முதல் 55 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் லென்ஸை முழுவதும் நீட்டி எடுத்திருந்தார். அந்நிலையில் அதன் துவார அளவு எஃப் 5.6.

இவ்வெண்ணின் பொருளைச் சிறிது விளக்குகிறேன். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ஒளித்துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 55ஐ 5.6 ஆல் வகுத்துப் பாருங்கள். துவாரம் பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸுக்கோ அது ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். ஒளியின் அளவு எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவது. 5.6ஐ 1.8 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7 வருகிறது. எனவே, ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி! 1/20 விநாடி வேண்டியிருந்த இடத்தில் 1/200 விநாடி போதும். கூடைக்காரர் நகர்வது ஐந்து மில்லிமீட்டரே. காமிராவை மாற்றாமலே இது கைகூடும்.

இவ்வாறு ஒரே குவியத் தூரம் உடைய லென்ஸைப் பிரைம் லென்ஸ் என்பர். நான் சொன்னது கானன் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப் 1.8 வகை, எடை 160 கிராம் அளவே, புதியதின் விலை ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். பழையது இன்னும் மலிவு. நிக்கான் காமிரா உடையோர்க்கு 2009இல் வந்த 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் இத்தகையதே.

இவ்வளவு ஒளியைத் தரும் லென்ஸ் எவ்வாறு மலிவாகக் கிடைக்கிறது என்று ஐயுறுவது இயல்பே. அதற்கு விடை 1896ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டில் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ருடால்ப் என்னும் அறிஞர் பிளேனார் என்ற லென்ஸை அமைத்தார். ஆறு கண்ணாடி வில்லைகள். துவாரத்துக்கு முன்னும் பின்னும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒத்த அமைப்பு. முற்பாதியில் தோன்றும் சில பிழைகளைப் பிற்பாதி எதிர்த்திசையில் தோற்றுவித்துக் கழித்துவிடுகிறது. நேர்கோடு வளைவதும், ஓரங்களில் நிறம் பிரிவதும் இவ்வகையில் வெகுவாகக் குறைகின்றன. ஆயினும் அக்காலத்தில் அது பெரிதும் பரவவில்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் எட்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நான்கு பங்கேனும் ஒளி திரும்பிவிடும். கால் பங்குக்கு மேல் வீணாவதோடு, அவ்வொளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்தது. 1935இல் அதே நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா வில்லைகளின்மீது மெல்லிய பூச்சு ஏற்றும் முறையைக் கண்ட பின்னரே இக்குறை தணிந்தது. இன்றைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் அப்பழைய அமைப்பின் வழித்தோன்றல். கண்ணாடிகள் சில, ஜூம் பொறி இல்லை, உடல் பிளாஸ்டிக், உற்பத்தியோ ஏராளம். மலிவுக்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

ஒரு நண்பரிடமிருந்து அம்மாணவர் இந்த லென்ஸை இரவல் பெற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு முன்பே இருவரும் காசிமேடு சேர்ந்தோம். விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. விளக்கு வெளிச்சத்தில் சங்கராவும் வஞ்சிரமும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. அங்கு ஏலம் போகும் மீனை எங்கள் ஊர் மீன் சந்தையில் விலை பேசும்போது அவ்விடியல் உழைப்பை நாம் நினைப்பதில்லை. முதலில் லென்ஸ் அவரைத் திணற அடித்தது. இவ்வகைக் காமிராவின் உணர்பரப்பு சிறியதாகையால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 80 மில்லிமீட்டர்போல் குறுகிய காட்சியையே தரும். முழுப்படகு அடங்கவில்லை. பின்னே நகர்ந்தால் ஐஸ் வண்டி! ஒரு முகம், வலை பற்றிய இரு கைகள் என்று பார்க்கத் தொடங்கிய பிறகே படங்கள் அமைந்தன. அவற்றையும் கேட்ட பின்னரே எடுக்கச் சொன்னேன். உழைப்பவர் முகம் காட்சிப் பொருள் அன்று. கூடைக்காரப் பெண்மணி ஒருவர், “எடுத்துக்கோ தம்பி, எனக்கும் ஒண்ணு குடுக்கணும்” என்றார். மறுவாரம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார் மாணவர்.

பெரிய துவாரத்துக்கு ஒரு விலை உண்டு. மூன்று மீட்டர் தொலைவில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான். ஏலம் கூறுபவரின் கண் கூர்மையாக விழுந்தது. ஒரு முழம் பின்னே நின்ற பெண்மணி மங்கிவிட்டார். எஃப் 4க்குக் குறைத்தால் அரை மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒளி ஐந்தில் ஒரு பங்காகும். எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் தீர்மானிக்க வேண்டும். காமிராவின் தானியங்கி அமைப்பு இதை நமக்காகச் சரியாக முடிவு செய்யுமென்று நான் நம்புவதில்லை.

கதிரவன் கடலுக்கு மேல் ஏறியதும் நிலைமை தலைகீழாயிற்று. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100இல், எஃப் 16க்கு 1/100 விநாடி என்பது பழைய கணக்கு. எஃப் 1.8க்கு அது 1/8000 விநாடியாகும். மலிவான காமிராக்கள் பலவற்றின் எல்லை 1/4000. ஆகவே துவாரத்தைக் குறைத்தே தீரவேண்டும். அங்கு பழைய ஜூம் லென்ஸும் சோடை போகவில்லை. கடன் வாங்கும் யோசனை அவ்வாரமே கைவிடப்பட்டது. சேமிப்பிலிருந்து பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார்.

கடற்கரையில் லென்ஸை மாற்றாதீர்கள். மணலும் உப்புத் துளியும் உள்ளே புகும். வீடு திரும்பியதும் உடற்பகுதியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் படிந்த தூசியை முதலில் ஊதி அகற்றிய பின்னரே துணி படலாம். உப்புப் பரலோடு தேய்த்தால் பூச்சு கீறிப்போகும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் காசிமேடு செல்வோர் ஏலக் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். கரையில் வலை பழுது பார்ப்போரையும், படகுகளுக்கு வண்ணம் பூசுவோரையும் காணலாம். பகல் வெளிச்சம் தாராளம், எஃப் 5.6இலேயே எடுக்கலாம்.