ஆளேற்றும் முன் மணல் மூட்டை ஏற்றுங்கள்

தெப்பம் பார்த்து வளர்ந்த ஊர் பெரிய காஞ்சிபுரம். பேரல்களைக் கட்டி மேலே பலகை போட்டால் மிதக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 பெருமழையில் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் தெருக்கள் மூழ்கியபோது, கையில் கிடைத்ததைக் கட்டி மிதவையாக்கி அக்கம்பக்கத்தாரைக் கரையேற்றியவர்கள் உண்டு. அந்தக் கைவேலைமீது எனக்கு மரியாதைதான். ஆனால் கட்டியதைத் தண்ணீரில் இறக்கி, இன்னொருவரை ஏற்றும்போது அவர் உயிர் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். நான்கு 200 லிட்டர் பேரல்கள் பாதி மூழ்கினால் தாங்குவது 400 கிலோ. இரும்புப் பேரல்களே ஏறக்குறைய 80 கிலோ இருக்கும். பலகை, மூங்கில், கயிறுக்கு இன்னொரு 80 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 240 கிலோ. அதாவது பெரியவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் செல்ஃபிக்காக ஒரே ஓரத்துக்கு நகர்ந்தால் அந்தப் பக்கத்துப் பேரல்கள் முங்கிவிடும். மூடியின் வாஷர் தேய்ந்து உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் இன்னும் மோசம். சாய்கிற பக்கத்துக்கே அந்தத் தண்ணீரும் ஓடும். அதனால் முதலில் எடைபோட்ட மணல் மூட்டைகளை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரு ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு கரைக்கு இழுத்து ஒவ்வொரு பேரலையும் குலுக்குங்கள். உள்ளே களக் களக் என்று கேட்டால் அந்தப் பேரல் வேண்டாம்.

பாரக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டடுக்கு உல்லாசப் படகு. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 22 உயிர்கள் போயின, பெரும்பாலோர் குழந்தைகள்.

மிதவையை இறக்கும் இடம் கோயில் குளமானால் கோயில் நிர்வாகத்திடமும், ஏரியானால் நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய பம்ப்செட் எஞ்சினைப் பூட்டினால் அது இயந்திரப் படகு. 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வுச் சான்றும் பதிவும் வேண்டும். தலைக்கு இருபது ரூபாய் வாங்கி, ஆபத்தான நிலையில் உள்ள படகிலோ நெருக்கியடித்தோ ஆளேற்றினால் பாரதிய நியாய சன்ஹிதா 284-ஆம் பிரிவு பாயும். ஆறு மாதம் வரை சிறை. கவனக்குறைவால் உயிர் போனால் 106-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை.

ஏறுகிறவர்களே, லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். தராவிட்டால் இறங்கிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்து ஏறி அடிபட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிற்றையோ, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனையோ வீசிவிட்டு 112-ஐ அழையுங்கள். வெள்ளத்தில் சிக்கினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தறிக்குழியில் தண்ணீர் ஏறும்வரை காத்திராமல், இந்த எண்களை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.