"சார், இது இன்னும் பறக்குமா?"

அருங்காட்சியகத்திலோ பூங்காவிலோ நிறுத்தி வைத்திருக்கும் பழைய விமானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், முதலில் எழும் கேள்வி அநேகமாக இதுதான். "இல்லப்பா, ரொம்பப் பழசு" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிப்பொருளுக்கு நகர்ந்துவிடுகிறோம். அது பாதி பதில்தான். எண்பது ஆண்டு பழைய விமானத்தையும் பறக்க வைக்க முடியும், பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பறக்க வைக்கும்போது அந்த விமானத்தின் ஒரு பகுதியை நாம் இழக்கிறோம். பறக்க வைக்காமல் காப்பாற்றினாலும் வேறொன்றை இழக்கிறோம். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்ற கேள்வி, அறிவியல் ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் சமமாகச் சொந்தமானது.

நம் நாட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18,000க்கும் மேற்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்தது. நான்கு என்ஜின்கள் கொண்ட பெரிய விமானம் அது. அவற்றில் பல, கடன் குத்தகை ஒப்பந்தப்படி பிரிட்டனுக்குத் தரப்பட்டு இந்தியாவிலிருந்து பறந்தன. போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. திருப்பி எடுத்துச் செல்ல யாருக்கும் ஆர்வமில்லை. கான்பூர் விமானத் தளத்தில் வரிசையாக நிறுத்தி, மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். என்ஜின்களுக்குள் மண்ணைக் கொட்டினார்கள், கருவிகளை உடைத்தார்கள், விமான உடல்களை நசுக்கினார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. 1948இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தினர் (இன்றைய எச்.ஏ.எல்.) கான்பூருக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றில் நல்ல இறக்கை, இன்னொன்றில் நல்ல என்ஜின், வேறொன்றில் உடையாத சக்கரம் என்று பொறுக்கி, ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்குச் சரிசெய்தார்கள். அந்த நிலையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. சுமார் 40 விமானங்கள் இப்படி வந்து சேர்ந்து, முழுமையாகப் பழுது பார்க்கப்பட்டு விமானப்படையில் இணைந்தன. 1968 வரை, அதாவது உலகின் மற்ற விமானப்படைகள் லிபரேட்டரை மறந்து வெகுகாலம் ஆன பிறகும், அவை இங்கே பணியில் இருந்தன.

அதன் பலன் எதிர்பாராதது. போருக்குப் பின் அமெரிக்காவில் லிபரேட்டர்கள் உருக்கு உலைக்குப் போய்விட்டன. 1968இல் இந்தியா அவற்றை ஓய்வு பெறச் செய்தபோதுதான் உலக அருங்காட்சியகங்கள் விழித்துக்கொண்டன. கனடாவுக்கு ஒன்று போனது. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு 1969இல் ஒன்று பறந்து போனது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் லிபரேட்டரும் 1974இல் இங்கிருந்து போனதே. தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. உலகில் இன்று எஞ்சியுள்ள லிபரேட்டர்கள் மிகச் சிலவே. அவற்றில் கணிசமானவை கான்பூர்க் குவியலிலிருந்து எழுந்து வந்தவை. குப்பை என்று விட்டுப்போனதைப் பழுது பார்த்தவர்களுக்கு அது பாரம்பரியப் பாதுகாப்பு என்ற எண்ணம் துளியும் இருந்திருக்காது. தேவைக்காகச் செய்தார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இந்தியாவிலிருந்து போன லிபரேட்டர்களில் ஒன்றை அமெரிக்காவிலுள்ள ஓர் அறக்கட்டளை 1984இல் வாங்கி, ஐந்தாண்டு உழைப்பில் புதுப்பித்து, 1989இல் மீண்டும் பறக்க வைத்தது. ஊர் ஊராகப் பறந்து சென்ற அந்த விமானத்தைப் பார்த்து, அதே வகை விமானத்தில் போரிட்ட முதியவர்கள் கண்கலங்கினார்கள். அந்த முழக்கத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் தர முடியாது. ஆனால் அதன் மேல் பூசிய வண்ணம், போரில் பறந்த வேறு அமெரிக்க விமானங்களுடையது. பிரிட்டிஷ் விமானப்படைக்குத் தரப்பட்டு, கான்பூரில் கைவிடப்பட்டு, இருபது ஆண்டுகள் இந்திய வானில் பறந்த அதன் சொந்த வாழ்க்கை புதுப் பெயின்டுக்கு அடியில் போய்விட்டது. இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அதைப் பார்க்க வந்தவர்களின் நினைவுக்கு அந்த வண்ணம்தான் பொருந்தியது. இருந்தாலும் எனக்கு அதில் ஒரு சிறு வருத்தம் உண்டு.

நம் விமானப்படையிடமுள்ள 'பரசுராமா' என்ற டகோட்டாவிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. பழைய இரும்பாகப் போகவிருந்த அந்த விமானத்தை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் புதுப்பிக்கச் செய்து, விமானப்படைக்குப் பரிசாக அளித்தார். 2018 ஏப்ரலில் அது பிரிட்டனிலிருந்து கிளம்பிப் பல நாடுகளில் இறங்கி, தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. அதன் வாலில் எழுதியிருக்கும் எண் விபி 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவினரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கிய டகோட்டாவின் எண் அது. இந்த விமானம் அந்த விமானமல்ல; அதன் நினைவாக அந்த எண்ணைத் தாங்கி நிற்கிறது. இதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் மதிப்பு குறையாது. நினைவுச்சின்னம் வேறு, சான்று வேறு என்ற வேறுபாடு பிள்ளைகளுக்கு விளங்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பறக்க வைப்பதற்கு ஏன் இவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது? கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் ஸ்பார் என்ற உத்தரம், ஒவ்வொரு பறத்தலிலும் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். எக்ஸ்-ரே எடுத்தும், விரிசலுக்குள் ஊடுருவும் சாயத்தைத் தடவியும் அவற்றைத் தேடுகிறார்கள். சந்தேகம் வந்தால் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். வரலாற்று மதிப்பு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த எதிரி அரிமானம். தூய அலுமினியம் துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் மென்மையானது. அதனால் தாமிரம் சேர்த்து வலுவூட்டிய கலவையில் விமானம் செய்கிறார்கள். அந்தத் தாமிரமே பிறகு பகையாகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகம் உள்ளுக்குள்ளிருந்து அடுக்கடுக்காகப் பிரிந்து, பேக்கரி பப்ஸ் போல உப்பிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் தொடும் இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். நமது பத்தாம் வகுப்பு மின்வேதியியல்தான்.

தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணியிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. சில வகை ரிவெட்டுகளைச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்தால் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும், பிறகு தானாகவே இறுகிவிடும். அதனால் அவற்றை உறைகுளிர் பெட்டியில் போட்டு வைத்து, தேவைப்படும்போது எடுத்து உடனே அடிக்கிறார்கள். விமானப் பட்டறையில் குளிர்பதனப் பெட்டி எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

மரத்தால் ஆன விமானங்களின் பாடு வேறு. போர்க்காலத்து மஸ்கிட்டோ விமானம் ஒட்டுப்பலகையால் ஆனது. முதலில் அதை ஒட்டப் பயன்பட்ட பசை பாலிலிருந்து எடுத்த கேசின். நம் பருவமழைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1944இல் இந்தியாவிலிருந்த மஸ்கிட்டோக்களின் இணைப்புகள் விட்டுப்போனதால் அவற்றைப் பறக்க விடாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. இன்று மஸ்கிட்டோவைப் புதுப்பிப்பவர்கள் மரப் பாகங்களைப் பெரும்பாலும் புதிதாகவே செய்கிறார்கள். அப்படியானால் மிஞ்சுவது எந்த விமானம்? பழைய மிதிவண்டிக்கு டயர் மாற்றி, செயின் மாற்றி, ஃபிரேமும் மாற்றிய பிறகு "தாத்தாவின் சைக்கிள்" என்று சொல்லலாமா? எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போய்விடும்.

அருங்காட்சியகத்தின் வழி இதற்கு நேரெதிர். முடிந்தவரை எதையும் மாற்றாதே, மாற்றினால் எழுதி வை, பிறகு வருபவர் அதை நீக்க முடியும்படி செய் என்பது அங்கே விதி. பெயின்டைச் சுரண்டி எறியாமல், சிறு சதுரம் மட்டும் மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காக எந்தக் காலத்தில் எந்த வண்ணம் இருந்தது என்று படிக்கிறார்கள். அங்கேயும் முழுத் தூய்மை கிடையாது. 1903 டிசம்பர் 17 அன்று பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அன்று நான்காவது பறத்தலுக்குப் பிறகு காற்று அதைப் புரட்டிப் போட்டு உடைத்தது. 1913 வெள்ளத்தில் பெட்டிகளோடு நீரிலும் சேற்றிலும் கிடந்தது. 1927இல் ஆர்வில் ரைட்டே துணியைப் புதிதாகப் போட்டார். 1985இல் வாஷிங்டனில் மீண்டும் மாற்றினார்கள். நாம் படத்தில் பார்க்கும் அந்தத் துணி, அன்று பறந்த துணி அல்ல.

எலுமிச்சையில் இருக்கும் அமிலம் காப்பாற்றிய விமானமும் உண்டு. 1940இல் இங்கிலாந்துக் கரையருகே கடலில் விழுந்த ஜெர்மன் டோர்னியர் 17 விமானத்தை 2013 ஜூனில் தூக்கினார்கள். எழுபது ஆண்டு கடல்நீரில் ஊறிய அலுமினியம் காற்றில் காய்ந்தால், உள்ளே தங்கிய குளோரைடு அதை விரைவாகத் தின்றுவிடும். ஆகவே பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, அமிலத்தன்மையைக் கவனமாகச் சரிசெய்த சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பறக்க வைப்பது அவர்கள் நோக்கமல்ல. சிப்பி ஒட்டிய அந்தச் சிதைந்த உடல் அப்படியே நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

1942இல் நார்வேயில் பனி உறைந்த ஏரி மேல் இறங்கி மூழ்கிய பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் 1973இல் மீட்கப்பட்டது. அதைப் பளபளப்பாக்காமல், பெரும்பாலும் எடுத்த நிலையிலேயே லண்டனில் வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் புதுப்பித்த விமானங்களைவிட, போர் என்றால் என்ன என்பதை அந்த நசுங்கிய உடல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பறக்கும் விமானத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பயணிகளை ஏற்றிக் காட்டிவந்த ஒரு பி-17 விமானம் என்ஜின் கோளாறால் திரும்பி இறங்க முயன்று விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் நகர வான்காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் மோதி ஆறு பேர் மாண்டனர். மனித உயிரோடு, திரும்பச் செய்ய முடியாத விமானங்களும் அன்று போயின. பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் எக்ஸ்எச் 558 இப்படி எந்த விபத்திலும் சிக்கவில்லை. மக்கள் நன்கொடையில் 2007இல் மீண்டும் பறந்த அது, 2015இல் நின்றது. அதைப் பற்றி அறிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் தொழில்நுட்ப ஆதரவை விலக்கிக்கொண்டன. விமானம் நன்றாகத்தான் இருந்தது, கைத்திறன்தான் தீர்ந்துபோனது. பறக்க வைப்பவர்களின் வலுவான வாதமும் இதுவே: ஓடும் என்ஜினைப் பழுது பார்க்க வேண்டியிருக்கும் வரைதான் அந்தத் திறன் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்.

என் கருத்தைக் கேட்டால், ஒரு வகையில் பல விமானங்கள் எஞ்சியிருந்தால் ஒன்றிரண்டைப் பறக்க விடலாம். கடைசி ஒன்றைத் தரையிலேயே வைக்க வேண்டும். மாறுபடுபவர்கள் இருப்பார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க இரண்டு. ஒரே அளவிலான இரண்டு அலுமினியத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் தாமிரக் கம்பியை இறுகச் சுற்றி, இரண்டையும் தனித்தனி டம்ளர் உப்புநீரில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். கம்பி சுற்றிய துண்டில் வெள்ளைப் படிவும் குழிகளும் முந்தித் தெரியும். இன்னொன்று, பள்ளியின் பழைய கதவில் பெயின்ட் பெயர்ந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, எத்தனை அடுக்கு, எந்த வரிசை என்று எழுதச் சொல்லுங்கள். சுரண்டவோ தேய்க்கவோ விட வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். எந்த ஆண்டு எந்த நிறம் அடித்தார்கள் என்பதைப் பள்ளியின் மூத்த அலுவலக உதவியாளரிடமோ பழைய மாணவரிடமோ கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.