தமிழ்த் திரை தொழில் கற்ற இடங்கள்

தமிழ் சினிமாவில் நடிப்பையோ இயக்கத்தையோ பள்ளியில் சேர்ந்து படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. பெரும்பாலானோர் வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். அந்த இடம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் நாடகக் கம்பெனி, பிறகு சபா மேடை, அதன்பின் இயக்குநரின் அலுவலகம், அண்மைக் காலத்தில் குறும்படம். ஒருவர் எங்கே தொழில் கற்றார் என்பது பல நேரம் அவருடைய படங்களிலேயே தெரிந்துவிடும்.

பேசும் படம் தமிழுக்கு வந்தது 1931இல். அதற்கு முன்பே நடிகர்களை உருவாக்கும் ஏற்பாடு ஒன்று இங்கே நன்றாக வேரூன்றியிருந்தது. அதுதான் பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். புகழ்பெற்ற பெரிய நடிகர்கள் மேடையில் பாடத்தை விட்டு விலகி, ஒருவரையொருவர் மடக்கப் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாத்தியார் சொன்னபடி பாடம் ஒப்பிக்கும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதே ஒழுங்குக்கு வழி என்ற எண்ணம் இந்தக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் சுவாமிகளிடம் பயின்றவர்கள். அவர்களில் டி.கே. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ அந்த உலகத்தை உள்ளிருந்து காட்டும் நூல்.

சிறு வயதில் கம்பெனியில் சேரும் பையனுக்கு அதுவே வீடு, அதுவே பள்ளிக்கூடம். பாட்டு, வசனம், கூத்து எல்லாம் அங்கேதான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். பெண் வேடங்களையும் பையன்களே போட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், அதுவரை ஸ்திரீபார்ட் கட்டிப் பேர் வாங்கிய பையன் ஒரே நாளில் வேலையற்றுப் போகக்கூடும். பிள்ளைப் பருவத்தை முழுதாக எடுத்துக்கொண்ட கடுமையான ஏற்பாடு இது. அடியும் ஏச்சும் அதில் சாதாரணம். அதிலிருந்து வந்த திறமையைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். வளர்ந்தார். எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவிலிருந்து வந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடங்கள் பல கட்டி, ஒவ்வொரு படியாக ஏறினார். 1952இல் ‘பராசக்தி’ வெளியானபோது அவர் திரைக்குத்தான் புதுமுகம். நீண்ட வசனத்தை மூச்சு அறுபடாமல் பேசுவதும், ஒரே வாக்கியத்துக்குள் குரலை மூன்று நிலைகளில் மாற்றுவதும், பாடம் மறக்காமல் இருப்பதும் கம்பெனி ஏற்கெனவே அவருக்குக் கொடுத்திருந்தவை. வசனத்தால் எழுந்து நின்ற அன்றைய தமிழ் சினிமா இத்தகைய நடிகர்கள் இருந்ததாலேயே சாத்தியமாயிற்று.

மேடையில் தேறியவருக்கும் திரையில் இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. எம்.ஜி.ஆர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தோன்றியது 1936இல். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வெளிவந்தது 1947இல். நடுவில் பதினோரு ஆண்டுகள் துணை வேடங்களில் கழிந்தன.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கம்பெனிகள் தேய்ந்து, சென்னையின் சபாக்களில் நாடகம் போட்ட அமெச்சூர் குழுக்கள் அந்த இடத்துக்கு வந்தன. பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்று இருந்தவர்கள் இவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். நடிகர் நாகேஷ் ரயில்வே எழுத்தராக இருந்தவர். பாலசந்தர் முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ 1965இல் வந்தது. ஒரே கூரைக்குள் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு பேச்சின் கூர்மையால் காட்சியை நகர்த்தும் அவருடைய முறை சபா மேடையில் பழகியது.

அடுத்து வந்த ஏற்பாடுதான் தமிழ் சினிமாவை மிக நீண்ட காலம் தாங்கி நிற்பது: உதவி இயக்குநர் வேலை. இதற்கு விண்ணப்பப் படிவமோ பாடத்திட்டமோ கிடையாது. ஊரிலிருந்து கிளம்பி, வடபழனியிலோ சாலிகிராமத்திலோ நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்து, இயக்குநர் அலுவலக வாசலில் காத்திருந்து, யாராவது சொல்லி உள்ளே நுழைவதுதான் வழக்கம். புதியவருக்கு முதலில் கிளாப் அடிக்கும் வேலை. அடுத்தது கன்டினியூட்டி. ஒரு காட்சியின் முதல் பாதியை இன்றும் மறுபாதியை மூன்று வாரம் கழித்தும் எடுப்பார்கள். நடிகர் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார், டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, எந்த வார்த்தையில் எழுந்தார் என்பதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். குமாஸ்தா வேலைபோலத் தோன்றினாலும், ஒரு காட்சி எத்தனை துண்டுகளால் ஆனது, அவை எப்படி ஒட்டுகின்றன என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. பிறகு வசனம் எடுத்துக் கொடுப்பது, பின்னணியில் கூட்டத்தை நடமாட விடுவது, டப்பிங்கையும் எடிட்டிங்கையும் கூட இருந்து பார்ப்பது என்று வேலை விரியும். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் டிஸ்கஷன் எனப்படும் கதை விவாதம் நடக்கும். இணை இயக்குநர் ஆகி, தனிப் படம் கிடைக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

பாரதிராஜா இந்த வழியில் வந்தவர். கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகல் உட்படப் பலரிடம் வேலை செய்த பிறகு, 1977இல் ‘16 வயதினிலே’ மூலம் கேமராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டே ஆண்டுகளில் ‘புதிய வார்ப்புகள்’ படத்தின் நாயகன். அதே 1979இல் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ இயக்குநர். பாக்யராஜிடமிருந்து பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். உதவி இயக்குநராக இருந்தவர்களில் இத்தனை பேர் நடிகர்களானதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் படப்பிடிப்பில் இயக்குநர் காட்சியை விளக்குவதோடு நிற்பதில்லை, தானே நடித்துக் காட்டுவார். பாரதிராஜா அதற்குப் பேர்பெற்றவர். அதைத் தினமும் அருகிலிருந்து பார்ப்பவருக்கு நடிப்பும் சேர்ந்தே படிகிறது. தயாரிப்பாளரிடம் கதை சொல்லும் வழக்கமும் இதற்கு உதவியது. எழுதிய பிரதியைக் கொடுத்துவிட்டு வருவதைக் காட்டிலும், இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து, பாட்டு வரும் இடமும் இடைவேளைக் கட்டமும் உட்பட முழுப் படத்தையும் வாயாலேயே ஓட்டிக் காட்டுவதுதான் இங்கே நெடுங்காலம் நடந்த முறை.

இயக்குநருக்கு இயக்குநர் கற்றுத் தந்த விதம் வேறுபட்டது. பாலு மகேந்திராவின் பட்டறை இதில் தனித்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர் அவர். தம்மிடம் வேலைக்கு வருபவர்களைத் தமிழ்ச் சிறுகதைகள் படிக்கவும், படித்ததைச் சுருக்கி எழுதவும் வைத்தார். தொலைக்காட்சிக்காக அவர் இயக்கிய ‘கதை நேரம்’ சிறுகதைகளைக் குறும்படமாக்கிய தொடர். ஒரு கதையில் கண்ணால் பார்க்கக்கூடியது எது, எழுத்திலேயே தங்கிவிடுவது எது என்று பிரித்தறியும் பயிற்சி அங்கே நடந்தது. பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் அந்தப் பட்டறையில் இருந்தவர்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு வெற்றிமாறன் நல்ல சான்று. ‘விசாரணை’க்கு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ‘அசுரன்’ படத்துக்குப் பூமணியின் ‘வெக்கை’, ‘விடுதலை’க்கு ஜெயமோகனின் ‘துணைவன்’ என்று அவருடைய முக்கியமான படங்கள் இலக்கியத்திலிருந்து எழுந்தவை. பாலாவின் வழியில் அமீர், சசிகுமார் என்று இன்னொரு கிளை பிரிந்து, 2007இல் ‘பருத்திவீரன்’, 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ என்று மதுரை வட்டாரத்தின் வேறொரு முகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. ராமிடம் பல ஆண்டுகள் இருந்த மாரி செல்வராஜ் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தார்.

பாலசந்தரிடம் வஸந்த், வஸந்திடம் எஸ்.ஜே. சூர்யா, அவரிடம் ஏ.ஆர். முருகதாஸ் என்று செல்லும் மற்றொரு வரிசை உண்டு. இங்கே நான்கு பேரின் படங்களும் ஒன்றுக்கொன்று சாயல் இல்லாதவை. குருவின் பாணி சீடருக்கு வந்தே தீரும் என்ற விதி இல்லை. வேலையின் ஒழுங்கு மட்டுமே கைமாறியிருக்கலாம். யாரிடமும் உதவியாளராக இல்லாமல் நேரே படம் எடுத்த மணிரத்னமும் இந்த வரலாற்றில் இருக்கிறார். நிர்வாகவியல் படித்த அவர் 1983இல் ‘பல்லவி அனு பல்லவி’ என்ற கன்னடப் படத்துடன் தொடங்கினார். பின்னாளில் அவருடைய படப்பிடிப்புத் தளமே பலருக்குப் பயிற்சிக் களமானது.

திரைப்படக் கல்லூரிகளின் பங்கு அளவில் சிறிது, விளைவில் பெரிது. சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் வந்தார். அங்கே படித்தவர்கள் சேர்ந்து 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்து, வணிகப் படத்தின் ஒலி, ஒளித் தரத்தை உயர்த்திக் காட்டினார்கள். பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ரஜினிகாந்த், சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் பயின்ற பிறகே 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்கு வந்தார்.

நடிகர்களுக்கு நாடகமும் மீண்டும் வழிவிட்டது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நடிப்புக்கு அடிப்படையாக்கிக்கொண்டது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். பாய்ஸ் கம்பெனி குரலைப் பழக்கியது என்றால் கூத்துப்பட்டறை முதுகெலும்பையும் பாதத்தையும் பழக்கியது. பசுபதி பேசாமல் நிற்கும் காட்சிகளிலும் அந்தப் பயிற்சி தெரியும். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, நடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிறு வேடங்கள் பல கடந்து, 2010இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகனானார்.

காத்திருக்கும் ஆண்டுகளில் கையைத் தொழிலிலிருந்து எடுக்காமல் இருப்பது நடிகருக்கு மிகவும் முக்கியம். விக்ரம் 1990இல் ‘என் காதல் கண்மணி’யில் அறிமுகமானவர், ‘சேது’ வந்தது 1999இல். இடைப்பட்ட காலத்தில் ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தார். அடுத்தவருடைய உதட்டசைவுக்குள் உணர்ச்சியைப் பொருத்துவது அரிய பயிற்சி. ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தையாக நடித்த கமல்ஹாசன், வேடம் இல்லாத பதின்வயதில் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவிலும், பிறகு நடன இயக்குநர் தங்கப்பனிடமும் வேலை கற்றார்.

2010ஐ ஒட்டி டிஜிட்டல் கேமரா மலிவானதும் வரிசையில் நிற்பதற்கு மாற்று கிடைத்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்களில் கார்த்திக் சுப்பராஜ் 2012இல் ‘பீட்சா’வும், நலன் குமரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ படமும் தந்தார்கள். வங்கி ஊழியராக இருந்த லோகேஷ் கனகராஜும் குறும்படம் வழியாகவே ‘மாநகரம்’ எடுக்க வந்தார். இவர்கள் தவறுகளைத் தங்கள் சொந்தச் சிறு படங்களில் செய்து திருத்திக்கொண்டார்கள். நூறு பேரை வைத்து வேலை வாங்கும் அனுபவம் மட்டும் அவர்களுக்கு முதல் பெரிய படத்தில்தான் வாய்த்தது.

இந்த வழிகள் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. சொற்பச் சம்பளத்தில், சில இடங்களில் சாப்பாடும் பேட்டாவும் மட்டுமே கிடைத்து, ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதற்கு வீட்டில் தாங்குபவர் வேண்டும். பெண்களுக்குக் கதவு இன்னும் குறுகல். டி.பி. ராஜலக்ஷ்மி 1936இலேயே ‘மிஸ் கமலா’வை இயக்கியிருந்தும், அறைகளிலும் டீக்கடை வாசலிலும் இரவுப் படப்பிடிப்பிலும் உருவாகும் இந்தத் தொழில் பெண்களை உள்ளே விடப் பல பத்தாண்டுகள் எடுத்தது. சுதா கொங்கரா மணிரத்னத்திடமும், ஹலிதா ஷமீம் புஷ்கர்-காயத்ரி உள்ளிட்டோரிடமும் உதவி இயக்குநராக இருந்து வந்தவர்கள். இன்றும் அப்படிப்பட்ட பெயர்கள் குறைவே.

முதல் படத்துக்குப் பணம் போடுபவர் கிடைப்பதே இந்தப் பாதையில் கடினமான திருப்பம். அதனால் வென்ற இயக்குநர்கள் சிலர் தாங்களே தயாரிப்பாளர்களாகி அடுத்தவர்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஷங்கர் தம்மிடம் உதவியாளர்களாக இருந்த பாலாஜி சக்திவேலுக்காக ‘காதல்’ படத்தையும் வசந்தபாலனுக்காக ‘வெயில்’ படத்தையும் தயாரித்தார். மாரி செல்வராஜின் முதல் படத்தைத் தயாரித்தவர் பா. ரஞ்சித். மாரி அவரிடம் உதவியாளராக இருந்தவர் அல்லர்.