காத்திருந்து கண்டவர்

பறவையைப் பாடாத கவிஞர் அரிது. ஆனால், பாடுவதற்கு முன் அந்தப் பறவையைப் பொறுமையாக நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? இக்கேள்வி எழும்போது நினைவுக்கு வருபவர் கில்பேர்ட் வைற். 1720இல் பிறந்து 1793இல் மறைந்த இவர், தென் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார். தோமஸ் பெனன்ற், டெய்ன்ஸ் பரிங்ரன் ஆகிய இரு இயற்கை ஆர்வலர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களே 1789இல் செல்போர்னின் இயற்கை வரலாறாக நூலுருப் பெற்றன. ஆங்கில இலக்கியத்தில் இன்றும் நிலைத்து நிற்கும் நூல் அது.

அக்காலத்தில் பறவையை ஆராய்வதென்றால் சுட்டு வீழ்த்தி அளந்து பார்ப்பதே வழக்கம். வைற்றும் துவக்கை முற்றாக ஒதுக்கியவரல்லர். ஆயினும், உயிரோடுள்ள பறவையின் நடத்தையே அவரைப் பெரிதும் ஈர்த்தது. உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் மூன்று இலைக்குருவிகளை, அவற்றின் குரலைக் கூர்ந்து கேட்டு, மூன்று வேறு இனங்கள் எனப் பிரித்தறிந்தார். கண் ஏமாந்த இடத்திலே காது துணை நின்றது.

கோதுமை வயலில் வாழும் அறுவடைச் சுண்டெலியை இங்கிலாந்தில் முதலில் விபரித்தவரும் அவரே. கோதுமை இலைகளால் பின்னிய அதன் கூடு, கிறிக்கற் பந்தளவு உருண்டை. தராசில் இட்டபோது, இரண்டு எலிகள் சேர்ந்து ஒரு செப்பு அரைப்பென்னி நாணயத்துக்கே ஈடாக இருந்தனவாம்!

ஆனால் ஓரிடத்தில் அவர் இடறினார். குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் எங்கே போகின்றன? பல கடல் கடந்து செல்வதை ஏற்றுக்கொண்டபோதும், சில ஊரிலேயே ஒளிந்து உறங்குகின்றனவோ என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. மலைச்சரிவிலே புதர் புதராகத் தேடியும் ஒரு குருவியேனும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் அவர் மறைக்காது எழுதிவைத்தார்.

1911இல் இங்கிலாந்தில் காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலில் கிடைத்தது. வைற் தேடிய விடை அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னரே இவ்வாறு தெளிவாயிற்று.

அதே இனத்தைச் சேர்ந்த, ஆசியாவின் வடபுலத்துக் குருவிகள் ஆண்டுதோறும் நம் நாட்டுக்கும் வருகின்றன. புரட்டாதி பிறந்ததும் மின்கம்பிகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். பிளந்த வாலோடு வரிசையாக அமர்ந்திருக்கும்.

எழுதுவோருக்கு வைற் விட்டுச்சென்ற பாடம் எளியது. கண்டதைக் கண்டபடி எழுதலாம். காணாததைக் காணவில்லை என்றே எழுத வேண்டும். பின்னதற்குத்தான் துணிவு அதிகம் தேவை.