வாள் பிடித்த கையில் உளி

வாதாபி நகரை வென்று, யானைகளும் குதிரைகளும் மணிக்குவியல்களுமாகத் தம் மன்னன் முன் வந்து நின்ற பரஞ்சோதியாரை, சிறுத்தொண்ட நாயனாராக, பிள்ளைக்கறி அமுது படைத்தவராகவே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். அதற்கு முந்தைய கட்டம் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றியவர் அவர். ஆயுள்வேதமும் வடநூற்கலைகளும் படைக்கலப் பயிற்சியும் ஒருங்கே கற்றவர். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், அடியார் ஒருவரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று பதறினான், பொறுத்தருள வேண்டினான். அத்துடன் நின்றுவிடாமல், நிதிக்குவியலும் அளித்து, திருத்தொண்டு செய்ய அவருக்கு விடை கொடுத்தான் என்பது சேக்கிழார் பெருமான் தரும் வரலாறு. அம்மன்னன் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் என்றும், வாதாபி வீழ்ந்தது கி.பி. 642 என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

படைத்தொழிலை விட்டு வேறொரு வாழ்வைத் தொடங்குபவருக்கு விடையும் வேண்டும், பொருளும் வேண்டும். பல்லவன் இரண்டையும் கொடுத்தான். இன்று பொருளுக்கு அரசு ஓரளவு வழி செய்திருக்கிறது. விடை கொடுக்க வேண்டியது வீட்டார்தான், அங்கேதான் தயக்கம்.

வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு ஒருவரேனும் படையில் பணியாற்றிய ஊர் அது. அத்தகைய ஊர்களிலிருந்து 2022க்கு முன் பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த சிப்பாய், சிவில் அலுவலரைப் போல அறுபது வரை பணியில் இருப்பதில்லை. நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலம் அது.

மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் பணியாற்றி, நாற்பத்திரண்டாம் வயதில் ஓய்வு பெறும் ஒரு ஹவில்தாரை எண்ணிப் பார்ப்போம். தச்சு, கொத்து, வெல்டிங் போன்ற வேலைகள் பழகிய கை. உலோகத் திருமேனி வார்க்கும் கலையைக் கற்க வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் நெடுநாள் ஆசை. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? ‘பேங்க்கில் காவலர் வேலை காலியாயிருக்கிறதாம். பென்ஷனும் வரும், சம்பளமும் வரும். இந்த வயதில் மெழுகைப் பிசைந்துகொண்டு உட்காரப் போகிறாயா?’ என்று தந்தையே கேட்பார். அக்கேள்வி அன்பில் பிறந்ததுதான். அதில் நியாயமும் உண்டு.

அவர் கற்க விரும்பும் கலை எளியதன்று. சுவாமிமலையில் இன்றும் தென்னங்கீற்றில் ஓர் இலையை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்தே அளவு குறிக்கின்றனர். ஒடியோலை என்பது அதன் பெயர். உத்தம தசதாளம் என்ற கணக்கில் திருமேனியின் உயரம் 124 கூறுகளாகும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பார்கள். அதன்பின் அச்சை உடைத்து, நாட்கணக்கில் உளிவேலை. வார்ப்பில் பிழை நேர்ந்தால் அந்த மெழுகுருவம் போனதுதான். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கை பழக ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் சொன்ன நேரத்தில் எழுந்து, சொன்ன அளவில் செய்து, தவறினால் முகம் சுளிக்காமல் திரும்பச் செய்யும் பழக்கம், இருபதாண்டு படைவாழ்வில் இருந்தவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இது பரம்பரை ஸ்தபதிகள் காத்து வந்த கலையாயினும், பிற குலத்தாரும் இன்று பட்டறைகளில் பயின்று வேலை செய்கின்றனர்.

உதவி எங்கே கிடைக்கும்? மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் ஓய்வுக்கு முந்தைய காலத்திலேயே தொழிற்பயிற்சி அளிக்கிறது. சிப்பாய் முதல் சுபேதார் வரையிலான நிலையினருக்குக் கட்டணம் இல்லை. அப்பயிற்சிகளுள் பல, காவல், கணினி, நிர்வாகம் போன்ற துறைகளையே சார்ந்தவை. எனவே கலை நாட்டமுள்ளவர் ஓய்வு நாள் வரை காத்திராமல் முன்கூட்டியே விசாரித்து எழுதிக் கேட்பது நல்லது. ஊர் திரும்பியபின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தின் குரு சிஷ்யப் பயிற்சித் திட்டமும் உண்டு. அந்த நரசிம்மவர்மனின் மாமல்லன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய மாமல்லபுரத்தில், 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞருக்கானது. நாற்பது வயதுக்காரருக்குப் பட்டறையே பள்ளி.

தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம்தான். எனினும் கற்கும் காலத்தில் கடன் வாங்குவது விவேகமன்று. கை பழகி, இரண்டொரு வேலைகளை முடித்துக் கொடுத்தபின் வாங்கலாம். அதுவரை குடும்பத்தைக் காப்பது ஓய்வூதியம்தான். படைவீரர் தம் ஓய்வூதியத்தில் பாதி வரை கம்யூட்டேஷனாக மொத்தத் தொகையாய்ப் பெறலாம். அப்படிப் பெற்றால் 15 ஆண்டுகள் மாத வருவாய் குறைந்தே வரும். அந்தத் தொகை மாடி கட்டுவதிலும் விசேஷங்களிலும் கரைந்துவிடுவதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுக்கான வீட்டுச் செலவையும் பள்ளிக் கட்டணத்தையும் வைப்புநிதியில் ஒதுக்கி வைத்த பிறகே பட்டறைக்குள் கால்வைக்க வேண்டும். மனைவி ஒப்பாத கணக்கு கணக்காகாது.

மறுப்புச் சொல்லும் தந்தை, ஒருமுறை மகனுடன் சுவாமிமலைக்குப் போய் வரலாம். தகப்பன்சுவாமியைத் தரிசித்துவிட்டு, அப்படியே ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்து, ஸ்தபதியிடமே கேட்கட்டும்: இவன் கை இதற்கு வருமா, எத்தனை ஆண்டு ஆகும், கற்கும்போது கூலி ஏதும் உண்டா? ‘வராது’ என்று அவர் சொன்னால், காவலர் வேலை எங்கும் போய்விடவில்லை.

வாசக அன்பர்களுள் பலர் தத்தம் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுக்களில் இருக்கிறீர்கள். பிரதிஷ்டைக்குரிய மூர்த்தியைத் தேர்ந்த ஸ்தபதியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சிறு விளக்குகள், தூபக்கால், மணி போன்றவற்றை, குருவின் மேற்பார்வையில் பணி செய்யும் இத்தகைய புதியவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உலோகத்துக்கும் மெழுகுக்குமான முன்பணத்தை அன்றே தந்துவிடுங்கள். சொந்த முதல் போட்டு உலோகம் வாங்கும் வசதி, கற்றுக்கொண்டிருக்கும் மனிதரிடம் இராது.