வீடே பள்ளியாகுமா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கல்வி புகட்டினால் என்ன என்னும் வினா இந்நாளில் பல குடும்பங்களில் எழுகின்றது. புத்தகச் சுமையும் கட்டண உயர்வும் காண்போர் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை.

அவர்கள் நாம் வாழும் கொல்கத்தாவிலேயே சான்று காட்டுவர். 1861-இல் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த இரவீந்திரநாத தாகூர் பள்ளிகள் சிலவற்றில் சேர்க்கப்பட்டும் எதிலும் நிலைக்கவில்லை, வீட்டிலேயே கற்றார். உண்மையே. ஆயின், அவ்வீடு எத்தகையது? தமையனார் ஹேமேந்திரநாதர் கல்வியை மேற்பார்த்தார். விடியலில் மற்போர்ப் பயிற்சி. பின்னர் கணிதம், அறிவியல், ஓவியம், இசை எனப் பலவற்றுக்கும் ஆசிரியர் வந்தனர். அத்தகைய வீடு எத்தனை பேர்க்கு வாய்க்கும்? பள்ளியை வெறுத்த அப்பெருமகனாரே 1901-இல் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவருடன் பள்ளியொன்றைத் தொடங்கினார் என்பதை மறத்தலாகாது.

வாய்ப்பற்ற வீட்டுப் பிள்ளைகளை எண்ணியே கோகலே 1911-இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். மறு ஆண்டில் அது 38-க்கு 13 என்ற வாக்குகளில் தோற்றது. பின்னர் 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலட்டும் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார். ஏழை வீட்டில் 'வீட்டிலே பயில்க' என்பது 'குலத்தொழிலோடு நில்' என்பதாகவே முடியும் என மக்கள் அஞ்சினர்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வியுரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல் பெற்றோர் கடமை என்கின்றது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை விதிக்கவில்லை. 14 வயது நிரம்பியோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவும் வழியுண்டு. ஆயினும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண்குழந்தைக்குப் பள்ளியின் வருகைப் பதிவேடே காவல். அக்காவலைத் தளர்த்துதல் நன்றன்று.

அவ்வாறாயின் வீட்டுக்குக் கடமை இல்லையோ? உண்டு. வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளியிலும் தெருவிலும் கிடைக்கும். தமிழ் எழுத்தோ, இங்கே பெரும்பாலான நம் பிள்ளைகட்குத் தாய் தந்தையர் கையால்தான் கிடைத்தல் வேண்டும். ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதத் தெரியாத பிள்ளை எத்தனை பட்டம் பெறினும் நமக்கு அது குறையே.

பகலில் பள்ளி, மாலையில் அரை மணி நேரம் வீட்டில் தமிழ்: இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. பெற்றோர் இன்றே தொடங்குவாராக.